அசலூரில் அசல் தேடி

தமிழில் 'அசல்' என்று எழுதப்படுவது உண்மையில் இரண்டு சொற்கள். முதலாவது அரபியில் பிறந்தது. வேர், மூலம் என்னும் பொருளோடு பாரசீகம், உருது வழியாக நம் கடைவீதிகளுக்கும் பத்திர அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்து, அசல் பத்திரம், அசல் நெய், அசலும் வட்டியும் என்று இங்கேயே குடியமர்ந்துவிட்டது. இரண்டாவது 'அயல்' என்பதன் மறுவடிவம். அசலூர், அசலார், அசல் வீட்டுப் பிள்ளை என்று நம் பாட்டிமார் சொல்லும்போது, பக்கத்தில் இருப்பது, ஆனால் நமதல்லாதது என்றே பொருள். கலப்பில்லாத ஒன்றைக் குறிக்க நாம் கையாளும் சொல்லே வெளியிலிருந்து வந்தது என்பதும், அயலானைக் குறிக்கும் சொல்லோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது என்பதும் தற்செயல்தான் என்றாலும், பயணம் போகிறவர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டிய தற்செயல்.

ஏனெனில் பயணம் போகிற நம்மில் பலருடைய வேலையே அசலூரில் அசலைத் தேடுவதுதான். முன்பெல்லாம் கோபுரங்களையும் கோட்டைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவது போதுமானதாக இருந்தது. இப்போது அந்த ஊரார் எங்கே உண்கிறார்கள், எந்தச் சந்தில் எந்தக் கிழவி கிண்டும் கஞ்சி அவர்களுக்குப் பிடிக்கும் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். 'சுற்றுலாப் பயணிகள் வராத இடம் எது?' என்று சுற்றுலாப் பயணிகளே விடுதி வரவேற்பறையில் நின்று கேட்கிறார்கள். கேள்வியில் உள்ள நகைச்சுவை விடுதி ஊழியருக்குப் பழகிப்போயிருக்கிறது. அவர் தயங்காமல் ஒரு வரைபடத்தை எடுத்துக் கொடுக்கிறார்.

நாங்கள் மூவர். ஒரே நூலகத்தில் புத்தகம் மாற்றிக்கொண்டு நண்பர்களானவர்கள். ஒருவர் சுத்த சைவம். இன்னொருவர் எந்த ஊருக்குப் போகுமுன்பும் அந்த ஊரைப் பற்றி ஒரு அலமாரியே படித்துவிட்டுப் புறப்படுகிறவர். மூன்றாமவர் பசி எடுத்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறவர். பாங்காக்கில் தொடங்கி, பினாங்கு வழியாக, சிங்கப்பூர் வரை தரைவழியே போவது என்று முடிவு செய்தோம். மூன்று நகரங்களின் உணவையும் பற்றி உலகம் முழுவதும் பேச்சு இருக்கிறது. மூன்றிலும் 'அசல்' என்ற சொல்லைச் சுற்றி ஏதோ ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வழிநெடுக எங்களுக்கு ஒரு துணையும் கிடைத்தது. அது ஒரு சீனச் சொல்: குவே தியாவ். தட்டையாக வெட்டிய அரிசி நூடுல்ஸுக்குத் தென்சீனத்து தியோச்சியூ, ஹொக்கியன் மக்கள் வைத்த பெயர்.

*

பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தென்மேற்கே தம்னோன் சதுவாக் என்னும் மிதக்கும் சந்தை இருக்கிறது. கால்வாய் 19ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. தோட்டக்காரர்கள் காயும் கனியும் ஏற்றிவந்து படகிலேயே விற்றுத் திரும்பிய காலம் உண்மையிலேயே இருந்தது. சாலைகள் வந்தபின் அந்தத் தேவை குறைந்தது, சுற்றுலா வந்து அந்த இடத்தை நிரப்பியது. இன்று ஓலைத் தொப்பி அணிந்த பெண்கள் படகில் அமர்ந்து மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் விற்பதைக் காண இன்னொரு படகில் வந்தவர்கள் நெரிசலில் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் டீன் மக்கேனல் 1973இல் எழுதிய கட்டுரையொன்றில், பயணி திரைக்குப் பின்னால் இருப்பதைக் காண ஏங்குகிறான் என்பதை அறிந்து, திரைக்குப் பின்னாலும் ஒரு மேடை அமைக்கப்படுகிறது என்று வாதிட்டார். படித்துவிட்டு வருகிற எங்கள் நண்பர் இதை நினைவூட்டினார். பசிக்காரர் அதற்குள் மாம்பழத்தைத் தின்று முடித்திருந்தார். மாம்பழம் நன்றாகவே இருந்தது. விற்ற அம்மாளுக்கு அது நாடகமா வாழ்க்கையா என்ற கேள்வி எழுந்திருக்க வழியில்லை. அவர் அன்றைக்கு எத்தனை பழம் விற்றது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

நகரத்துக்குத் திரும்பியதும் பாட் தாய். தாய்லாந்தின் பெயரையே சுமக்கும் இந்த உணவைத் தாய்லாந்தின் அசல் என்று கருதாத பயணி அரிது. அதன் முழுப்பெயர் 'குவே தியாவ் பாட் தாய்'. தாய்லாந்து முறையில் வறுத்த குவே தியாவ் என்று பொருள். பெயரின் முதற்பாதி சீனம், வறுக்கும் முறை சீனம், வாணலி சீனம். இதை முதன்முதலில் வறுத்தது யார் என்பதற்குப் பல கதைகள் வழங்குகின்றன. ஆனால் இதை நாட்டு உணவாக்கியதில் அரசின் கை இருந்தது என்பதில் ஐயமில்லை. 1938 முதல் 1944 வரை முதன்முறை பிரதமராக இருந்த பிபுன் சொங்க்ராமின் ஆட்சியில்தான், 1939இல், சயாம் என்ற நாடு தாய்லாந்து ஆயிற்று. மக்கள் எப்படி உடுத்த வேண்டும், எதை வாங்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்றெல்லாம் பன்னிரண்டு பண்பாட்டு ஆணைகள் 1939க்கும் 1942க்கும் இடையில் வெளியாயின. போர்க்காலத்தில் நூடுல்ஸ் உண்ணும்படியும் விற்கும்படியும் அதே அரசு மக்களை ஊக்குவித்தது.

இதில் எங்களை உறுத்தியது வேறொன்று. நூடுல்ஸைத் தேசிய உணவாக்கிய அந்த ஆண்டுகளில்தான் சீனப் பள்ளிகள் பல மூடப்பட்டன. சில தொழில்கள் தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டுமே என ஒதுக்கப்பட்டன. சீனரின் உணவு நாட்டுக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டது, சீனரின் கை வெளியே நிறுத்தப்பட்டது. 'அசல்' என்ற சொல்லுக்குள் இப்படி ஒரு கதவு இருப்பதை அங்கேதான் முதலில் கவனித்தோம்.

எங்கள் சைவ நண்பரின் நிலைமை தனி. யாவராட் சாலைத் தள்ளுவண்டியில் மீன் சாறும் இறாலும் முட்டையும் வேண்டாம் என்று கைகளால் விளக்கினார். வறுத்துக்கொண்டிருந்த அம்மாள் சிரித்துவிட்டு, தெருவின் மறுபக்கத்தில் மஞ்சள் கொடி தொங்கிய கடையைச் சுட்டினார். அந்தக் கொடியில் சிவப்பு எழுத்தில் இருந்த 'ஜே' என்பது சீன வழிவந்த சைவ உணவின் அடையாளம். பூண்டும் வெங்காயமும்கூட அங்கே விலக்கு. நண்பர் அங்கே ஒரு பாட் தாய் வாங்கிவந்தார்.

"இது பாட் தாயே இல்லைங்க. மீன் சாறு இல்லாம என்ன பாட் தாய்?" என்றார் படிப்பாளி.

"இந்தத் தெருக்காரங்க விரதத்துக்கு இதைத்தானே சாப்பிடறாங்க? அவங்களுக்கு அசல், உங்களுக்கு இல்லையா?" என்றார் சைவர்.

அந்த வாதம் ஊர் திரும்பும்வரை தீரவில்லை.

நாங்கள் உண்ட எதிலும் மிளகாய் இல்லாமல் இருந்ததில்லை. மிளகாய் தென்னமெரிக்க, நடு அமெரிக்க நிலத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பல்களோடு ஆசியாவுக்குள் நுழைந்தது. நாம் அதற்கு மிளகின் பெயரை நீட்டி 'மிளகாய்' என்று வைத்தோம். தாய் மொழியிலும் ஏறக்குறைய இதுவே நடந்திருக்கிறது. மிளகைக் குறித்த 'பிரிக்' என்ற சொல் மிளகாய்க்குப் போய்விட, பழைய மிளகை இன்று 'பிரிக் தாய்', அதாவது தாய்லாந்து மிளகு என்று அடைமொழியோடு அழைக்கிறார்கள். புதிதாக வந்தவனுக்கு வீட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரனை விலாசத்தோடு கூப்பிடும் நிலை. கல்யாண விருந்துகளில் மங்கலத்துக்காக வைக்கும் 'ஃபோய் தோங்' என்னும் முட்டைக்கரு இனிப்பும் அப்படித்தான். பொன்னிழைகளைச் சுருட்டி வைத்தாற்போல் இருக்கும் இது போர்ச்சுகீசிய இனிப்பின் வழிவந்தது. 17ஆம் நூற்றாண்டில் அயுத்தயா அரசவையில் வாழ்ந்த மரியா கியோமார் டி பின்யா அறிமுகம் செய்தார் என்பது மரபு. அவர் குருதியில் ஜப்பான், போர்ச்சுகல், வங்காளம் மூன்றும் கலந்திருந்தன.

எனவே 'எது தூய்மையானது' என்ற கேள்வி பாங்காக்கிலேயே எங்களுக்குச் சலித்துவிட்டது. சலிக்காத கேள்வி ஒன்று அங்கேயே கிடைத்தது. 2017 ஏப்ரலில் பாங்காக் மாநகர நிர்வாகம் நடைபாதை உணவுக் கடைகளை அகற்றப்போவதாகச் செய்தி வந்தபோது உலகமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பயணிகள் கூடும் யாவராட், காவ்சான் சாலைகளில் கடைகள் தொடரும் என்று உடனே விளக்கம் வந்தது. அந்த ஆண்டுகளில் வேறு பல சாலைகளில், அலுவலகம் போகிறவர்களும் தையல் தொழிலாளிகளும் காலையில் பசியாறிய நடைபாதைகள் வெறிச்சோடின. வெளியூரார் பார்வை பட்ட இடம் பிழைத்தது. உள்ளூரார் நாள்தோறும் உண்ட இடத்துக்காக வெளியூரில் குரல் எழவில்லை. அசலைத் தேடி வருகிறவர்களின் ஆசைக்கு இத்தனை வலு இருக்கிறது. அந்த வலு எங்கே போய் விழுகிறது என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

*

மாலையில் பாங்காக்கில் ஏறினால் மறுநாள் காலை எல்லை ஊரான பாடாங் பெசார். அங்கே இறங்கி, இரண்டு நாட்டு முத்திரைகளையும் வாங்கிக்கொண்டு, கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே தள்ளி, மலேசிய ரயிலில் பட்டர்வொர்த் வந்து, படகில் ஏறினால் ஜார்ஜ் டவுன். தமிழ் தெரிந்தவர்களுக்குக் கரையேறியதுமே ஒரு தடுமாற்றம் காத்திருக்கிறது. அசலூருக்கு வந்திருக்கிறோம் என்று மனத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டு இறங்கினால், பூக்கடையில் தமிழ் கேட்கிறது.

இங்கே குவே தியாவின் பெயர் 'சார் குவே தியாவ்'. 'சார்' என்றாலும் வறுத்தல்தான். பாட் தாயும் இதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், வேறு வேறு ஊரில் வளர்ந்தவர்கள். பன்றிக் கொழுப்பும் மட்டியும் சேர்த்து அனலில் வறுத்த இது, ஒரு காலத்தில் உடல் உழைப்பாளிகள் குறைந்த காசில் வயிறு நிரப்பிக்கொள்ள உண்டது. 'ஹொக்கியன் மீ' என்று கேட்டால் பினாங்கில் இறால் சாற்றில் மிதக்கும் நூடுல்ஸ் வரும். கோலாலம்பூரில் அதே பெயருக்குக் கருஞ்சோயாவில் வறுத்த தடித்த நூடுல்ஸ் வரும். சிங்கப்பூரிலோ இறால் சாறு ஊற வறுத்தது வரும். ஒரே பெயர், மூன்று உணவு. மூன்று ஊராரும் தத்தம் தட்டைக் காட்டி இதுதான் ஹொக்கியன் மீ என்று அடித்துச் சொல்வார்கள். மூவர் சொல்வதும் சரி.

நாசி கண்டார் நமக்கு நெருக்கமான கதை. நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் சுமக்கும் தடி. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்புகளையும் தொங்கவிட்டுக்கொண்டு துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதில் தொடங்கியது. இன்று தடி போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது. நாங்கள் போன கடையின் உரிமையாளர் மூன்றாம் தலைமுறைக்காரர், தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். சோற்றின் மேல் நாலைந்து குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினார். எல்லாம் கலந்து தட்டே மூழ்க வேண்டுமென்றால் 'பஞ்சிர்' என்று சொல்ல வேண்டும். வெள்ளம் என்று பொருள்.

"பாய், இதுல நம்ம ஊர் மணம் இருக்கு" என்றார் எங்களில் ஒருவர்.

அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஊர்லேர்ந்து வர்ற எல்லாரும் இதத்தான் சொல்றாங்க தம்பி. நான் தாத்தா ஊருக்குப் போனப்ப எங்க சொந்தக்காரங்களுக்கு இதே மாதிரி ஆக்கிப் போட்டேன். தின்னுட்டு, மலாய்ச் சாப்பாடு நல்லாருக்குன்னாங்க."

இங்கே இந்தியச் சாப்பாடு, அங்கே மலாய்ச் சாப்பாடு. அவருக்கு இதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இவர்களை மலேசியர்கள் அழைக்கும் 'மாமாக்' என்ற சொல்லே நம் 'மாமா'விலிருந்து போனதுதான். இவர்கள் வறுக்கும் 'மீ கோரெங் மாமாக்' சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸ், மலாய்ப் பெயர், தமிழ்க் கை மூன்றும் சேர்ந்தது. இந்தியாவில் எந்த ஊரிலும் அது பிறந்ததில்லை.

ஜார்ஜ் டவுனின் வீதிகளும் இதே கலவைதான். கடைவீடுகள், சீனக் கோயில், மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் சில நிமிட நடைக்குள். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. ஆனால் அதற்கு முன்பே ஒன்று நடந்துவிட்டிருந்தது. இந்தக் கடைவீடுகளில் தலைமுறைகளாகக் குறைந்த வாடகையில் வாழ்ந்தவர்களைக் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அதன் பாதுகாப்பு முடிந்தது. வாடகை ஏறியது. பூ கட்டியவர்களும், கூடை முடைந்தவர்களும், ஊதுவத்தி உருட்டியவர்களும் கணிசமாக வெளியேறினார்கள். பட்டியல் வந்தபோது சுவர்கள் காக்கப்பட்டன. 2012இல் லிதுவேனியாவில் பிறந்த ஓவியர் எர்னஸ்ட் சகரேவிச் ஆர்மீனியன் வீதிச் சுவரொன்றில், உண்மையான மிதிவண்டி ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் சிரிக்கும் இரண்டு குழந்தைகளை வரைந்தார். அழகான ஓவியம். அதனருகே நின்று படமெடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள். அந்த வீதியில் அசல் மிதிவண்டியில் அசல் குழந்தைகள் போவதைக் காண நாங்கள் இரண்டு மாலைகள் நின்று பார்த்தோம். வாடகை ரிக்‌ஷாக்கள்தாம் போயின.

இனி, பினாங்கில் நாங்கள் கேட்டறிந்தவற்றுள் மனத்தைவிட்டு நீங்காத ஒன்று. 2014இல் பினாங்கு மாநில அரசு ஓர் அறிவிப்பு செய்தது: அங்காடிக் கடைகளில் உள்ளூர் உணவுகளை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சமைக்கக் கூடாது. 2016 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. பினாங்கு உணவின் சுவையைக் காப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. இதை எள்ளி நகையாடிவிட்டுப் போய்விட இயலாது. கடையை எடுத்து, இரண்டு நாள் பழகிய கூலியாளிடம் விட்டுவிட்டு, வாடகைபோல் லாபம் பார்த்தவர்களும் இருந்தார்கள். நாற்பது ஆண்டுகள் அனலில் நின்றவர்களுக்கு அது எரிச்சலூட்டியது நியாயமே. பயணிகளும் 'முன்போல் இல்லை' என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

நாங்கள் மூன்று நாள் தொடர்ந்து சார் குவே தியாவ் உண்ட கடையை நடத்திய அம்மாளுக்கு அறுபதைத் தாண்டிய வயது. வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகக் கரியடுப்பில் வறுப்பார். இரண்டு தட்டுக்குச் சேர்த்து வறுத்தால் அனலின் மணம் ஏறாதாம். பக்கத்தில் மியன்மாரிலிருந்து வந்த ஓர் இளைஞர் இறால் உரிப்பார், முளைப்பயறு கழுவுவார், கரி விசிறுவார். அம்மாள் கையை நீட்டுமுன்பே அடுத்த பொருளை அந்தக் கையில் வைப்பார். எப்போது முட்டை, எப்போது மட்டி என்று அவருக்கு அத்துப்படி. மூன்றாம் நாள் கூட்டம் குறைந்த வேளையில் கேட்டோம். அம்மாள் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "அவனுக்கு எல்லாம் தெரியும். ஏழு வருஷமாகப் பார்க்கிறான். வாணலியைத்தான் தொடக் கூடாது. என் மகள் கோலாலம்பூரில் கணக்கர். அவளுக்கு இந்த வெப்பம் வேண்டாம், எனக்கும் அவள் இங்கே நிற்க வேண்டாம்."

ஒரு காலத்தில் தடி சுமந்து வந்த வெளியூரார் ஆக்கியதும், வாணலியோடு வந்த வெளியூரார் வறுத்ததும் இன்று பினாங்கின் அசல். அதைக் காப்பாற்ற, இன்றைக்கு வந்திருக்கும் வெளியூரார் கரண்டியைத் தொடக் கூடாது. அசல் வேண்டும் என்ற குரல் சுவையில் தொடங்கி, எந்தக் கை சமைக்கலாம் என்பதில் போய் முடிகிறது. பாங்காக்கின் 1940களில் நாங்கள் கண்ட அதே கதவு.

*

சிங்கப்பூருக்குப் பேருந்தில் வந்தோம். அங்கே பயணியின் புகார் வேறு. எல்லாம் தூய்மையாக, வரிசையாக, எண் போட்டு இருக்கிறது, எனவே அசல் இல்லை என்கிறார்கள். தெருவோரம் விற்றவர்களை 1971 தொடங்கி 1986க்குள் குழாய்நீரும் சாக்கடையும் மின்சாரமும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு அரசு மாற்றியது. மழையில் நனைந்து, ஒரே வாளித் தண்ணீரில் தட்டுக் கழுவி, அதிகாரி வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியவர்களுக்கு அந்த மாற்றம் என்னவாக இருந்திருக்கும் என்பதைத் தெருவின் அழுக்குக்காக ஏங்குகிறவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த அங்காடிப் பண்பாட்டையே மானுடத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாற்றப்பட்ட வடிவமே பாரம்பரியமாயிற்று.

நாட்டின் அடையாளமான ஹைனான் கோழிச்சோறு ஹைனான் தீவில் இதே வடிவில் இருந்ததில்லை. மற்ற சீனக் குழுக்களுக்குப் பின்னால் வந்துசேர்ந்த ஹைனான் மக்கள், பெரிய தொழில்களில் எல்லாம் ஏற்கெனவே ஆட்கள் இருந்ததால், ஆங்கிலேயர் வீடுகளிலும் விடுதிகளிலும் கப்பல்களிலும் சமையற்காரர்களானார்கள். ஊர்க் கோழியை வந்த இடத்துக்கு ஏற்ப ஆக்கினார்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் வரும் பயணிகளுக்கு 'அசல் தென்னிந்திய உணவு' என்று பரிந்துரைக்கப்படும் மீன்தலைக் கறிக்கும் வரலாறு உண்டு. கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்பவர் 1949இல் தன் உணவகத்தில் செய்தது அது. சீன வாடிக்கையாளர்கள் மீன்தலையை விரும்பி உண்பதைக் கண்டு, அவர்களுக்காக அதை நம் குழம்பில் இட்டார். பக்கத்து மேசைக்காரனின் பசியைக் கவனித்த ஒருவரின் கண்டுபிடிப்பு.

சிங்கப்பூரிலும் அந்தக் கதவு உண்டு. அங்காடிக் கடைகளை நடத்தவும் அவற்றில் துணைநிற்கவும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே அனுமதி இருந்தது. 2025 ஜனவரியில்தான், நீண்டகால வருகை அனுமதி பெற்றவர்கள் துணையாளராக வேலை செய்யலாம் என்று கதவு சற்றே திறக்கப்பட்டது. திறக்க நேர்ந்ததற்குக் காரணம் கண்முன்னே தெரிகிறது. அங்காடிக்காரர்களில் பாதிப் பேர் அறுபதை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறார்கள். விடிகாலை நான்கு மணிக்கு எலும்புச் சாறு காய்ச்ச வைக்கும் வேலைக்குப் பிள்ளைகள் வருவதில்லை.

வராததற்கு நம் ஆசையும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. அசலான தெரு உணவு மலிவாக இருக்க வேண்டும் என்று பயணியும் எதிர்பார்க்கிறான், உள்ளூராரும் எதிர்பார்க்கிறார்கள். 2016இல் சிங்கப்பூர் அங்காடிக் கடைகள் இரண்டுக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தபோது உலகப் பத்திரிகைகள் வியந்தது அவற்றின் சுவையைவிட அவற்றின் விலையை. அடுத்த ஆண்டு பாங்காக்கில் நட்சத்திரம் பெற்ற ஜேய் ஃபாய் என்னும் முதிய பெண்மணி, நிறைய நண்டு இட்ட ஆம்லெட்டுக்கு உயர்ந்த விலை வைத்திருந்தார். தெருக்கடையில் இந்த விலையா என்று முகம் சுளித்தவர்கள் அநேகர். அதே நண்டுக்கு நட்சத்திர விடுதியின் குளிர் அறையில் அந்தப் பணத்தை வாய் திறக்காமல் கொடுத்திருப்பார்கள். இத்தாலியக் கிழவியின் பாஸ்தாவுக்கு நூறு வெள்ளி கேட்டால் பாரம்பரியம். சீனக் கிழவரின் நூடுல்ஸுக்கு ஐந்து வெள்ளி என்பது ஆறானால் பேராசை. எந்தெந்த உணவு ஏழ்மையோடு இருந்தால்தான் அசல் என்று நாம் முடிவு செய்து வைத்திருக்கிறோம் என்பதைப் பார்த்தால், சுவைக்குப் பின்னால் வேறொரு தராசு ஆடுவது தெரியும்.

ஆகவே அசல் என்ற சொல்லே வேண்டாமா? அப்படிச் சொல்லிவிடவும் மனம் வரவில்லை. மாற்றம் வேறு, ஏமாற்று வேறு. பொட்டலப் பொடியைக் கரைத்துவிட்டு மூன்று மணிநேரம் காய்ச்சிய சாறு என்று சொல்வது ஏமாற்று. மீன்தலையை நம் குழம்பில் இட்டது மாற்றம். கரியடுப்பில் ஒவ்வொரு தட்டாக வறுப்பவரைத் தேடி வரிசையில் நிற்கிற பயணியால்தான் அந்த அடுப்பு இன்னும் அணையாமல் இருக்கிறது என்பதும் உண்மை. தேடுவதில் பிழையில்லை. எதைத் தேடுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். நாங்கள் மூவரும் ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: ஓர் உணவு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், இந்த ஊரார் இதை இன்றும் உண்கிறார்களா, இதைச் சமைப்பவருக்கு இது சோறு போடுகிறதா, கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்குக் கரண்டி கிடைக்கிறதா என்ற மூன்று கேள்விகளே பயனுள்ளவை. மூன்றுக்கும் ஆம் என்று விடை வரும் இடத்தில் எது வறுபட்டாலும் அது அந்த ஊருடையது. இவ்வளவு ஒத்துக்கொண்ட பின்பும், மீன் சாறு இல்லாதது பாட் தாய் ஆகுமா என்பதில் உடன்பாடு இல்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறோம்.

ஊர் திரும்புமுன் கடைசியாக உண்டதும் குவே தியாவ்தான். சிங்கப்பூரில் அதை மஞ்சள் நூடுல்ஸும் கலந்து, இனிப்பான கருஞ்சோயா ஊற்றி வறுக்கிறார்கள். பினாங்குக்காரர்கள் இதைக் குவே தியாவ் என்றே ஒப்பமாட்டார்கள். கடைக்காரர் எழுபதை நெருங்குகிறவர். நாற்பது நிமிட வரிசை. எங்களுக்கு முன்னால் நின்ற உள்ளூர் இளைஞர், "இவரோட இந்தச் சுவை முடிஞ்சுடும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்த மூச்சில், போன மாதம் இவர் ஐம்பது காசு ஏற்றிவிட்டார் என்று குறைப்பட்டுக்கொண்டார். எங்கள் முறை வந்தது. கிழவர் தலை நிமிரவில்லை. ஒரு கையால் வாணலியை உலுக்கிக்கொண்டே மறுகையால் முட்டையை உடைத்து ஊற்றினார், தட்டை நீட்டினார், காசை வாங்கிப் பெட்டியில் போட்டார், கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டுக்கு எண்ணெய் விட்டார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. அங்கே ஒரு பிளாஸ்டிக் முக்காலியின் மேல் முட்டைத் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்.